வேடம் தருவாரும் வேடம் பெறாதாரும்

நாடகத்துக்கு உயிர் எது என்று வினவினால் சிலர் பாட்டு என்பர். சிலர் நடிப்பு என்பர். வேறு சிலர் கதை என்பர். வேடத்துக்கு ஏற்ற ஆளைத் தெரிந்தெடுத்தலே என்பது எமது துணிபு. இத்துணிபு நூல்களைக் கற்று வந்ததன்று. ஒரு வேடத்தை விரும்பிச் சென்று, அதனைப் பெறாது வீடு திரும்பிய அனுபவத்தால் வந்தது. பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கல்லூரி நாடக மேடையில் அக்கறையுள்ள அன்பர்களுக்கு இதனைச் சொல்லிவைத்தல் நன்றென எண்ணினோம்.

எமது ஊர்ச் சனசமூக நிலையத்தார் 'வள்ளி திருமணம்' நாடகத்தை மேடையேற்ற முடிவுசெய்தனர். விருப்பமுள்ள எவரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்து பாடிக்காட்டலாம் என்று வாசிகசாலைப் பலகையில் எழுதியும் வைத்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) யாத்த நாடகங்களுள் ஒன்று அது. தென்னகத்து நாடகக் குழுக்களின் வழியாக யாழ்ப்பாணத்துக்கு வந்து, இங்கே வேரூன்றிய இசை நாடக மரபைச் சேர்ந்தது. கதை கந்தபுராணத்துக் கதையே. ஆயினும் புராண படனத்தில் நாம் கைகூப்பிக் கேட்கும் அதே கதை, மேடைக்கு வந்தவுடன் நகைச்சுவை விருந்தாகிவிடுகின்றது. தினைப்புனத்தில் வள்ளியும் வேடனும் பாட்டாலேயே வாதாடுவர். பின்னர் முருகன் விருத்தராக வந்து, தேனும் தினைமாவும் உண்டு, விக்கி, நீர் கேட்டு, அதன்பின் திருமணமும் கேட்பான்.

அவ்விருத்தர் வேடத்தின்மேல் எமக்கு ஆசை பிறந்தது. எழுபதைக் கடந்த எம்மிடம் நரையும் இருந்தது, கைத்தடியும் இருந்தது. ஒப்பனைச் செலவும் மிச்சமாகும். மேலும், அந்நிலையத்துக்கு ஒருகாலத்தில் தலைவராக இருந்தோம். கட்டட நிதிக்கும் இயன்றதைக் கொடுத்தோம். பாடிக்காட்டுதல் இளைஞருக்கு ஏற்பட்ட நிபந்தனை என்றும், நாம் போய் முகங் காட்டினாலே போதுமென்றும் உள்ளூர நினைத்துக்கொண்டோம்.

அண்ணாவியார் ஆர்மோனியத்தின் முன் இருந்தார். வந்தவரை வந்த வரிசைப்படியே அழைத்தார். கடை வைத்திருப்பவர், மேசன், ஆசிரியர், பாடசாலை மாணவர் எனப் பலர் இருந்தனர். எமது முறை வந்தபோது பாடினோம். கல்லூரி நாளிற் பயின்ற சுருதி ஞானம் எம்மைக் கைவிடவில்லை. பாட்டு முடிந்ததும் அவர், "ஐயா, ஒருக்கால் விக்கிக் காட்டுங்கோ" என்றார். விக்கிக் காட்டினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. வாயிலில் நின்ற சிறுவன் ஒருவன் பதறி ஓடிச்சென்று ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

அண்ணாவியார் எம்மை வேறாக அழைத்து, "ஐயா, சுருதி பிழைக்கேல்லை. ஆனால் உண்மையான கிழவன் விக்கினால் சனம் பயப்படும். குமரன் கிழவனாய் வந்து விக்கினால்தான் சிரிக்கும்" என்று பணிவோடு சொன்னார். அவர் சொன்னது அவ்வளவே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எமது தலைமைப் பதவியும் நிதியுதவியும் நினைவுக்கு வந்து நெஞ்சைக் குத்தின.

நாடகத்துக்குப் போவதில்லை என்றே முதலில் இருந்தோம். "வேடம் தந்தால்தான் நாடகம் பார்ப்பீர்களோ?" என்று இல்லாள் கேட்ட கேள்விக்கு விடை கிடையாமையாற் போனோம். விருத்தர் வேடம் அந்த மேசனுக்குக் கிடைத்திருந்தது. இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞர் அவர். முதுகை வளைத்து, தடியூன்றி, நடுங்கி நடந்து வந்தார். வள்ளி அப்புறம் திரும்பிய கணத்தில் அம்முதுகு நிமிர்ந்தது. இப்புறம் திரும்பியவுடன் மீண்டும் வளைந்தது. முன்வரிசையில் பாயிலிருந்த சிறுவர்கள் துள்ளிச் சிரித்தனர். நாமும் வயிறு குலுங்கச் சிரித்தோம். வந்திருப்பவன் என்றும் இளையவன். முதுமையே அவனுக்கு வேடம். அவ்விளமை இடையிடையே எட்டிப் பார்ப்பதிலேதான் அக்காட்சியின் நகையும் பத்தியும் ஒருங்கே இருக்கின்றன. நாம் அவ்வேடம் தரித்திருப்பின் மேடையில் நிமிர்வதற்கு எம்மிடம் ஒன்றும் இருந்திராது.

சிரித்து ஓய்ந்தபின் வேறொரு நினைவு வந்து வருத்தியது. பல்லாண்டுகளுக்கு முன், ஒரு நாடக மன்றத்தின் செயலாளராக நாம் இருந்தபோது, நன்றாகப் பாடிய இளைஞர் ஒருவரை விலக்கி, நன்கொடை தந்த நண்பர் ஒருவருக்குக் கதாநாயகன் வேடத்தைக் கொடுத்தோம். விலக்கியதற்குக் காரணமும் கூறவில்லை. கூறக்கூடிய காரணம் எம்மிடம் இருக்கவுமில்லை. அவ்விளைஞர் அதன்பின் மேடைப்பக்கம் வரவேயில்லை. அண்ணாவியார் எமக்குக் காட்டிய நேர்மையை நாம் அவருக்குக் காட்டவில்லை.

இப்பிழை எம்மோடு முடிவதன்று. விருப்பத்தால் நடிப்போர் கூடும் மன்றங்களுக்கு இயல்பாகவே வரக்கூடிய நோய் இது. தொழிலாக நாடகம் ஆடுவோர் ஏற்ற நடிகனை இடாவிட்டால், மறுநாள் கொட்டகை வெறிச்சோடும். மன்றத்தாருக்கோ அவ்வச்சம் இல்லை. நுழைவுச்சீட்டை உறவினரும் நண்பரும் எப்படியும் வாங்குவர். ஆதலால் நட்பு, பதவி, நன்கொடை என்பன மேடையேறிவிடுகின்றன. சென்னையில் 1891 ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவியதனால், கற்றோரும் நாணமின்றி நடிக்கலாம் என்ற நிலை பிறந்தது. அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் அவ்வழியை ஈழத்தில் வளர்த்தார். கற்றோர் மேடைக்கு வந்தது பெரும் பேறு. மேடைக்கு வெளியே உள்ள வரிசையையும் உடன்கொண்டு வருவதே கேடு.

மட்டக்களப்புக் கூத்து மரபு இதற்கு நல்ல மருந்தைத் தருகின்றது. அங்கே கூத்துப் பழக விரும்புவோரின் குரல், உயரம், உடலமைப்பு ஆகியவற்றை அண்ணாவியார் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேடம் எனத் தீர்மானிப்பார். பின் ஊரறிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டுக்களைக் கொண்ட ஏட்டை வழங்குவர். இதற்குச் 'சட்டங் கொடுத்தல்' என்று பெயர். ஊர்ச் செல்வாக்கு அங்கும் ஒருபோதும் குறுக்கிடவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் பலர் பார்க்க நடைபெறும் செயலில் வஞ்சனைக்கு இடம் குறைவு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, பல்கலைக்கழக மாணவர் மட்டக்களப்பு அண்ணாவியாரிடமே ஆட்டம் பழகினர். பட்டத்துக்குப் படிப்போர் கூத்து வல்லாரின் சொல்லுக்கு அடங்கி நின்ற அப்பணிவையும் நாம் அவர்களிடம் கற்றல் வேண்டும்.

எமது சங்கத்தாருக்கும் கல்லூரி நாடக மன்றத்தாருக்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். ஆள் தெரிதல் பலரறிய, வந்த வரிசைப்படி நடைபெறுதல் வேண்டும். அதனைச் செய்பவர் சங்க நிருவாகியாகவன்றி நாடகம் வல்லவராக இருத்தல் வேண்டும். வேடம் பெறாதவருக்குக் காரணத்தை அன்போடு எடுத்துரைத்தல் வேண்டும். இம்மூன்றனுள் கடைசியே தலையாயது. காரணம் அறிந்தவன் அடுத்த முறை திருந்தி வருவான்; அறியாதவன் வாரான்.

வேடம் பெறாத அன்பர்களுக்கும் ஒரு சொல் உண்டு. நீங்கள் வீட்டில் இருந்துவிடாது நாடகத்துக்குச் செல்லுங்கள். ஒரு வேடத்தின் அருமையை அதனை விரும்பி இழந்தவன் அறிவதுபோல் மற்றையோர் அறியார். சபையில் அத்தகையோர் பத்துப்பேர் இருந்தால், நடிகன் தன் முழுத் திறமையையும் காட்டியே தீரவேண்டும். எமது ஊர் நாடகம் முடிந்தபின் நாம் மேடைக்குப் பின்னாற் சென்று அம்மேசனின் கைகளைப் பற்றி வாழ்த்தினோம். அவர் ஒப்பனை கலையாத முகத்தோடு, "ஐயா, நீங்கள் ஊண்டி நடக்கிறதைப் பார்த்துத்தான் பழகினனான்" என்றார். வேடம் எமக்குக் கிடைக்கவில்லை. எமது நடை மேடையேறியது. அதுவே எமக்குப் போதும்.