காஞ்சிபுரம் டு சென்னை: சின்னப் பிள்ளைகளோட ஒரு நாள்... எதையெல்லாம் மறக்கக் கூடாது?

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் காஞ்சிபுரத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எப்பப்பா மெட்ராஸ் போறோம்?" என்பதுதான். தூரம் என்னவோ சுமார் 75 கி.மீ.தான். பஸ்ஸில் போனால் ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழி. ரயிலில் போனால் வாலாஜாபாத், செங்கல்பட்டு வழி. எப்படிப் போனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால், மூன்று வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் அம்மா அப்பாவுக்கு அது 75 கி.மீ. பயணம் மட்டுமில்லை. காலையில் சிரித்துக்கொண்டே கிளம்பி, ராத்திரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து இறங்கும் குடும்பங்கள் எத்தனையோ!

தறிக்கும் லீவு வேணுமே!

நெசவாளர் வீடுகளில் 'ஒரு நாள் ஊர் சுற்றல்' என்பது அவ்வளவு லேசான விஷயமில்லை. ஒரு பட்டுச்சேலை நெய்து முடிக்கப் பத்து, பதினைந்து நாள்கள்கூட ஆகும். கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. தறி ஒரு நாள் நின்றால் கைக்குக் காசு வருவதும் ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால்தான், அமாவாசைக்குத் தறியை நிறுத்தும் வழக்கமுள்ள வீடுகளில், அமாவாசையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் 'கோர்வை' சேலைக்கு, நெய்பவர் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் தேவை. ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் பிள்ளைகள்தாம் உட்கார்ந்திருந்தார்கள். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக வேலை செய்த குழந்தைகளைப் பற்றி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. இன்று தாத்தா, பாட்டியாக இருக்கும் பலருக்குச் சின்ன வயதில் லீவு என்றாலே தறிமேடைதான். பேரன், பேத்தி வண்டலூர்ப் புலியைப் பார்க்கக் கிளம்பும்போது, "போயிட்டு வாங்கடா" என்று மடியில் முடிந்து வைத்த காசை எடுத்துக் கொடுக்கும் பாட்டிக்குத்தான் அந்த ஒரு நாளின் மதிப்பு தெரியும்.

அப்படிக் கிடைக்கிற ஒரு நாளை வீணாக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்

காலையில் வண்டலூர், மதியம் மியூசியம், சாயங்காலம் மெரினா, திரும்பும்போது தி.நகர் ஷாப்பிங்... பெரியவர்களே தாங்க மாட்டார்கள். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம், நேரமும் தெம்பும் மிஞ்சினால் இன்னொரு சின்ன இடம். அவ்வளவுதான்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போக நகரத்துக்குள் நுழைய வேண்டியதே இல்லை. செங்கல்பட்டு வழியாக ரயிலில் வந்தால் வண்டலூர் ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். முழுதும் நடந்து காட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது. பேட்டரி வண்டி இருக்கிறது. வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் படுத்துவிடும் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது தெரியாமல் கேட்டுக்கு வெளியே அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது பெரும் பாடு. பிளாஸ்டிக் பையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

எழும்பூர் என்றால் பல காஞ்சிபுரத்துக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குழந்தைகள் நல மருத்துவமனைதான். ஊசி போட்ட ஊர் என்றே சில பிள்ளைகள் சென்னையை நினைத்துக்கொண்டிருக்கும். அதே எழும்பூரில், பாந்தியன் சாலையில் இருக்கிறது 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். திமிங்கில எலும்புக்கூடும், குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கும் டைனோசர் சிலைகளும் அந்த ஊசியை மறக்கடித்துவிடும். இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஒரு சுவாரஸ்யம்: 1855-ல் இந்த அருங்காட்சியக வளாகத்தில்தான் எட்வர்டு பால்ஃபர் உயிரியல் பூங்காவைத் தொடங்கினார். அதுதான் இடம் மாறி, 1985-ல் வண்டலூருக்குப் போனது. முதலில் மியூசியம், அடுத்த லீவுக்கு வண்டலூர் என்று வைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் ஆச்சு!

டிக்கெட் கணக்கு

ரயிலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயது வரை அரை டிக்கெட். தமிழக அரசு பஸ்களிலும் 2022 முதல் ஐந்து வயது வரை இலவசம். அம்மாக்களுக்குச் சென்னையின் சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் டிக்கெட் இல்லை. மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறும்போது, 12 வயதுக்கு உட்பட்ட பையனையும் கூடவே அழைத்துப் போகலாம். கைக்குழந்தை இருந்தால், பஸ் நிலையங்களில் 2015-லிருந்து தாய்ப்பால் ஊட்டும் அறைகள் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மெட்ரோ ரயில் பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு மாதிரி. ஆனால் எஸ்கலேட்டரில் கவனம் தேவை. மெத்தென்ற ரப்பர் செருப்பும், தரையைத் தொடும் பாவாடையும் படியின் ஓர இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பட்டுப்பாவாடை கட்டினால் அழகுதான். அதைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டு, ஊர் சுற்றப் பருத்திச் சட்டையும் வார் வைத்த செருப்பும் போட்டுவிடலாம். படியைவிட லிஃப்ட் இன்னும் நல்லது.

"எங்க வீடு கோயில் பக்கத்துல!"

இதுதான் முக்கியம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழந்தை தெரு முனை தாண்டி ஓடினால், "இது யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டுத் தூக்கிக்கொண்டு வர நாலு பேர் இருப்பார்கள். அங்கே பிள்ளையைத் தெருவே பார்த்துக்கொள்ளும். சென்னையின் கூட்டத்தில் அந்த வேலை முழுதும் அம்மா அப்பாவின் நான்கு கண்களுக்கு வந்துவிடுகிறது.

தொலைந்துபோன குழந்தையிடம் போலீஸ்காரர் "வீடு எங்கம்மா?" என்று கேட்டால், "கோயில் பக்கத்துல" என்று சொல்லும். காஞ்சிபுரத்தில் எந்த வீடுதான் கோயில் பக்கத்தில் இல்லை? "அப்பா பேர் என்ன?" என்றால், "அப்பா" என்று சொல்லும். அதனால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சில பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

* அம்மா, அப்பாவின் முழுப் பெயர், ஊர், ஒரு செல்போன் எண். எண்ணைப் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் நான்கு வயதுப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும்.
* கை விட்டுப்போனால் தேடிக்கொண்டு ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடி வர வேண்டியது பெரியவர்கள்.
* உதவி கேட்பது என்றால் யூனிஃபார்ம் போட்டவரிடம், இல்லையென்றால் குழந்தையோடு நிற்கும் ஓர் அம்மாவிடம்.
* செல்போன் எண் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைக்கலாம். பையின் வெளியே குழந்தையின் பெயரை மட்டும் பெரிதாக எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுபவரைத் தெரிந்தவர் என்றே பிள்ளைகள் நம்பிவிடும்.
* கிளம்பும் முன் வாசலில் நிற்கவைத்து ஒரு போட்டோ. பதற்றத்தில் பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்பதே மறந்துவிடும். செல்போனில் இருக்கும் அந்தப் போட்டோ நினைவில் வைத்திருக்கும்.

காணும் பொங்கல் அன்று மெரினாவில், பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைச் சென்னைப் போலீசார் பிள்ளைகளின் கையில் கட்டிவிடுகிறார்கள். மற்ற நாள்களில் அந்தப் பட்டையை வீட்டிலேயே கட்டிவிட்டால் என்ன? ஒரு ரிப்பனும் பேனாவும் போதும்.

கடலைப் பார்த்தால் காலை நனைக்கச் சொல்லும்

பாலாற்றில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்த பிள்ளைகளுக்குக் கடல் பெரிய அதிசயம். ஓடத்தான் செய்யும். ஆனால், மெரினாவில் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். பெரியவர்களே தடுமாறும் இடம் அது. பிள்ளைக்கு ஒரு கை, செல்ஃபிக்கு ஒரு கை என்று பங்கு போடக் கூடாது. அலையோரம் நிற்கும் வரை செல்போன் பைக்குள் இருக்கட்டும். வெளிச்சம் இருக்கும்போதே கரையேறிவிட வேண்டும்.

சாப்பாடும் தூக்கமும்

பிள்ளைகளின் அடம் பாதி நேரம் அடமே இல்லை. பசி, இல்லாவிட்டால் தூக்கம். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு அரை மணி முன்பே எதையாவது கொடுத்துவிட வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு போட்ட காஞ்சிபுரம் இட்லி வழிப்பயணத்துக்குக் கைகொடுக்கும். குட்டிப் பிள்ளைக்கு மட்டும் மிளகைக் குறைத்துத் தனியாக ஊற்றிக்கொள்ளலாம். தண்ணீர் வீட்டிலிருந்தே போகட்டும். டாய்லெட் கண்ணில் பட்டால், "வரல" என்றாலும் ஒரு தடவை கூட்டிப்போய்விட வேண்டும். மாற்று உடை ஒன்றுக்கு இரண்டு.

திரும்பும் பஸ் அல்லது ரயிலை நான்கு மணி வாக்கில் பிடித்துவிட்டால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆபீஸ் விடும் நேரத்தில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பதைவிட, ஓர் இடத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டு வருவது மேல். பார்க்காத இடம் எங்கேயும் போய்விடாது. அடுத்த லீவு வரும், அடுத்த அமாவாசையும் வரும்.

போனில் இன்றைக்கே பதிவு செய்ய வேண்டிய எண்கள் மூன்று: குழந்தைகள் உதவிக்கு 1098, ரயிலில் உதவிக்கு 139, எந்த அவசரத்துக்கும் 112.