காணுமுன் கல்லெறிவோர்

1929ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் 'அந்தலூசிய நாய்' என்னும் குறும்படம் திரையிடப்பட்டது. லூயி புனுவலும் ஓவியர் சல்வடோர் டாலியும் சேர்ந்து ஆக்கிய அப்படம் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுவது; அதன் தொடக்கத்திலேயே சவரக்கத்தி ஒன்று கண்ணொன்றைக் கிழிக்கின்றது. இரசிகர்கள் சீறியெழுவர் என எதிர்பார்த்த புனுவல், சட்டைப்பையில் கற்களை நிரப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்திருந்ததாகப் பிற்காலத்தில் கூறினார். கற்களுக்கு வேலை வரவில்லை. பாரிஸ் சீமான்கள் கைதட்டி மகிழ்ந்தனர்.

அடுத்த ஆண்டு அவர் 'பொற்காலம்' என்ற படத்தில் மதபீடத்தையும் மேட்டுக்குடிக் குடும்பத்தையும் சாடினார். அப்போது கைதட்டல் கேட்கவில்லை. 1930 டிசம்பரில் வலதுசாரிக் கும்பலொன்று அரங்கினுள் புகுந்து திரைமீது மையை வீசியது. பொலிசார் படத்தையே தடைசெய்தனர். கண்ணைக் கிழித்ததைச் சகித்தவர்கள், தம் நலன்களைத் தொட்டதைச் சகிக்கவில்லை. ஒரு சமூகம் எதைக் கண்டு பதறுகின்றது என்று அறிந்தால், அது எதை மறைக்க விரும்புகின்றது என்பதையும் அறியலாம்.

இந்த உரைகல்லில் யாழ்ப்பாணத்தையும் உரைத்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்குண்டு.

யூட் ரட்ணம் இயக்கிய 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்ற ஆவணப்படம் 2017இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 1983 யூலைப் படுகொலையின்போது ஐந்து வயதுச் சிறுவனாயிருந்த தமிழர் ஒருவரின் படம் அது. சிங்களப் பேரினவாதத்தின் தீயிலிருந்து தொடங்கும் அப்படம் அங்கேயே நின்றுவிடவில்லை. தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்ற வரலாற்றையும் பேசத் துணிகின்றது. 2018 ஒக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவில் அது காட்டப்படவிருந்தது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. படம் நிகழ்ச்சி நிரலிலிருந்து விலக்கப்பட்டது. கான் நகரத்தார் கண்டதை, அக்கதைக்கு உரிய மக்கள் அவ்விழாவில் காண முடியவில்லை.

எதிர்த்தவர்களின் வாதம் யாது? பகைவன் இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வான் என்பதே. இவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட மாட்டோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் தெருவோரத்தில் நீதிக்காக அமர்ந்திருக்கும் மண்ணில் இந்த அச்சம் இயல்பானதே. அரசின் குற்றங்களும் இயக்கங்களின் குற்றங்களும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன என்று ஒருவர் கருதலாம். படத்தின் அரசியலை வரிவரியாக மறுக்கலாம். அதற்கு நாம் தடையில்லை. ஆனால் பாராத படத்தை எவ்வாறு மறுப்பது?

கொழும்பு ஆட்சியாளரும் இதே நியாயத்தைத்தான் பேசினர். தன் மகனான படைவீரனின் மரணத்தை நம்ப மறுக்கும் குருட்டுத் தந்தையைக் காட்டிய பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' திரைப்படத்தை 2000ஆம் ஆண்டில் அரசு தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் குறுக்கிட்ட பின்னரே அது திரைக்கு வந்தது. சஞ்ஜீவ புஷ்பகுமாரவின் 'இகிலென மாலுவோ' 2013இல் கொழும்பில் நடந்த பிரெஞ்சுத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டபின், படையினரை இழிவுசெய்கின்றதெனத் தடுக்கப்பட்டது. சிங்களக் கலைஞன் தன் படையை விமர்சித்தால் துணிவு என்கிறோம். தமிழ்க் கலைஞன் தன் இயக்கங்களை விமர்சித்தால் துரோகம் என்கிறோம். இது எந்த நீதி?

1986 சித்திரை, வைகாசி மாதங்களில் ரெலோ இயக்கத்து இளைஞர்கள் யாழ்ப்பாணத் தெருக்களில் கொல்லப்பட்டதை நம் மூத்த தலைமுறை அறியும். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டதையும் அறியும். எந்தத் திரைப்படமும் இவற்றைப் புனையவில்லை. திரையில் காட்டுவதால் வடு தோன்றிவிடுவதில்லை. திரையை மூடுவதால் அது மறைந்துவிடுவதுமில்லை. நாம் பேசாதுவிட்ட இடத்தைத்தான் பகைவன் தன் பேச்சால் நிரப்புகின்றான். நம் தவறுகளை நாமே நேர்மையோடு உரைப்போமாயின், அவன் கையிலுள்ள அந்த ஆயுதம் மழுங்கும்.

இந்நெறியை நமக்குக் கற்பித்தவர் வெளியார் அல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆசிரியை ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலாசிரியருள் ஒருவராக, இலங்கை அரசையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒருங்கே விசாரித்தார். 1989 செப்டம்பர் 21ஆம் நாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். சுயவிமர்சனத்துக்கு இம்மண் கொடுத்த விலை அது. அந்த விலையின் பெறுமதியை அறிந்தோர், ஒரு திரைப்படத்துக்கு அஞ்சிக் கதவடைப்பது தகுமா?

ஆசிரியர்களே, மாணவர்களே! விழாக்களும் மண்டபங்களும் தயங்குமாயின், நம் வாசிகசாலைகளிலும் சங்கங்களிலும் வெள்ளைச் சீலையொன்றைக் கட்டுவோம். மனத்தைக் கலக்கும் படங்களைத் தேடிக் காட்டுவோம். எதிர்ப்பவரையே முதல் வரிசையில் அமர்த்துவோம். படம் முடிந்ததும் விளக்கேற்றி விடியும்வரை வாதிடுவோம். கண்டபின் எழும் கோபம் சிந்தனையின் தொடக்கம். காணுமுன் எறியும் கல்லோ அச்சத்தின் வெளிப்பாடு. துன்பத்தின் எல்லா முகங்களையும் நேர்கொண்டு நோக்கும் மக்களே தம் விடுதலைக்குத் தகுதியுடையோர்.