உடைஞ்ச கப்பல் யாருடையது?



விடுமுறை நெருங்குது. போன மடலுக்கு வந்த பதில்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "ஊருக்குப் போறம். பிள்ளையள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் சுழியோட ஆசைப்படுகினம். போகலாமா, இல்லை இதையும் புறக்கணிக்க வேணுமா?" தனித்தனியாக எழுதுவதை விட இங்கேயே பதில் சொல்கிறேன். போகலாம். ஆனால் கடலுக்கு அடியில் கிடக்கிற கப்பல் எப்படி அங்கே போனது, அதால் யாருக்கு நட்டம், இப்ப யாருக்கு வருமானம் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

முதலில் நாங்கள் இருக்கிற இடத்திலிருந்து தொடங்குவம். பக்குரங்காவிலிருந்து பன்மூர்ப் பாலம் தாண்டி நகருக்குப் போனால் மார்ஸ்டன் துறை. 1985 ஜூலை 10 இரவு அங்கே கட்டியிருந்த 'ரெயின்போ வாரியர்' கப்பலின் அடியில் இரண்டு குண்டுகளை ஒட்டியவர்களும் சுழியோடிகள்தான். பிரெஞ்சு அரசின் உளவுப் பிரிவு அனுப்பிய சுழியோடிகள். புகைப்படக்காரர் பெர்னாண்டோ பெரெய்ரா கப்பலுக்குள்ளேயே இறந்தார். முருரோவாவில் பிரான்ஸ் செய்த அணுகுண்டுச் சோதனைக்கு எதிராகப் போகவிருந்த கப்பல் அது. அதற்கு இரண்டு மாதம் முன்தான், அமெரிக்க அணுகுண்டின் கதிர்வீச்சால் வாழமுடியாமற் போன ரொங்கெலாப் தீவுச் சனத்தை வேறு தீவுக்கு ஏற்றி இறக்கியிருந்தது. பிடிபட்ட இரண்டு உளவாளிகளுக்கும் பத்து ஆண்டுத் தண்டனை. மூன்று ஆண்டு முடியமுன் இருவரும் பிரான்ஸ் திரும்பிவிட்டார்கள்.

அந்தக் கப்பலை 1987 டிசம்பரில் வடக்கே மத்தௌரி குடாவுக்கு அருகில், ங்காத்தி குரா மக்களின் கடலில், மரியாதையோடு இறக்கினார்கள். இன்று அது மீன்கள் குடியிருக்கிற பாறை. அதைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த மக்களின் அனுமதியும் காவலும் உள்ள இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்து போகிறார்கள். மாவோரி மொழியில் அந்தக் காவலுக்கு 'கைத்தியாக்கி' பொறுப்பு என்று சொல்லுவினம்.

எல்லாக் கப்பலுக்கும் இந்த மரியாதை கிடைப்பதில்லை. 2011 ஒக்ரோபர் 5 விடியப்புறம், தௌரங்காவுக்கு வந்துகொண்டிருந்த 'ரீனா' என்ற கொள்கலன் கப்பல் ஓத்தாயித்தி பாறையில் முழு வேகத்தில் ஏறியது. துறைமுக வழிகாட்டி ஏறுகிற நேரத்துக்குப் போய்ச் சேர, பாதையைக் குறுக்கியிருந்தார்கள். சுமார் 350 தொன் எண்ணெய் கடலில். 2,000க்கு மேற்பட்ட பறவைகள் செத்துக் கரையொதுங்கின. கப்பல் லைபீரியக் கொடி, உரிமை கிரேக்க முதலாளிகள், வேலையாட்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர். கப்டனுக்கும் இரண்டாம் அதிகாரிக்கும் ஏழு மாதச் சிறை. அவர்களில் பிழை இல்லை என்று நான் சொல்லவில்லை. பிறகு ஆவணங்களைக்கூடத் திருத்தினார்கள். ஆனால் நேரத்தை நெருக்கிப் பிடித்து ஓடச்சொல்கிற தொழிலின் முதலாளிக்குக் கிடைத்தது மூன்று லட்சம் டொலர் அபராதம். துப்புரவுக்கு அரசுக்குப் போன செலவு ஏறத்தாழ 47 மில்லியன் டொலர். உரிமையாளரோடு ஒப்பந்தம் பேசி வாங்கியது 27.6 மில்லியன். மிச்சம் எங்கட வரிக்காசு.

ஏன் இப்படி? கடல் சட்டத்தில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கு. ஒரு கப்பல் எவ்வளவு நாசம் செய்தாலும், உரிமையாளர் கட்டவேண்டிய தொகைக்கு மேல்வரம்பு உண்டு. அந்த வரம்பை நாசத்தை வைத்து அளப்பதில்லை, கப்பலின் தொன்னளவை வைத்து அளக்கிறார்கள்.

இதே வரம்புதான் எங்கட ஊர்க் கடலிலும் வந்து நிற்கிறது. 2021 மே 20 கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்-பிரெஸ் பேர்ல்' தீப்பிடித்தது. ஜூன் 2 தாழத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், 1,680 தொன் அளவு பிளாஸ்ரிக் குருணி. அமிலக் கொள்கலன் ஒழுகுது என்று தெரிந்தபிறகும் கட்டாரிலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்க மறுத்தார்கள். கப்பல் ஒழுக ஒழுகக் கொழும்புக்கு வந்தது. நீர்கொழும்புக் கரையில் வெள்ளைக் குருணி பனிபோலக் குவிந்தது. ஆமைகளும் டொல்பின்களும் செத்து ஒதுங்கின. தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிற அந்தக் கரையோரச் சனம் தொழிலுக்குப் போகமுடியாமல், பிடித்த மீனையும் விற்கமுடியாமல் இருந்தது.

லண்டன் நீதிமன்றம் 2023இல் கப்பல்காரரின் பொறுப்பை 19 மில்லியன் பவுணோடு மட்டுப்படுத்தியது. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த வரம்புக்குள் நிற்காமல், மாசுபடுத்தியவன் கட்டவேணும் என்று சொல்லி, ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் கட்டும்படி தீர்ப்பளித்தது. கம்பனி கட்டமாட்டேன் என்கிறது. சிறுபான்மையினருக்கு நீதி தராத நீதிமன்றம் என்று நாங்கள் விமர்சிக்கிற அதே அமைப்பு இந்த இடத்தில் சரியாகச் சொல்லியிருக்கிறது. அதை ஒத்துக்கொண்டு, நீர்கொழும்புத் தொழிலாளரின் பக்கம் நிற்பதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கக்கூடாது.

இனிக் கிழக்கு. மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கிற 'ஹேர்மிஸ்' பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது 50 மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கு, சாதாரணப் பயிற்சியோடு போகிற இடமில்லை. அதே நாள் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜன்ற்' பாசிக்குடாப் பக்கம், ஆழம் குறைவு. நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. முருகைக்கல், சுறாக்குட்டி, வண்ணமீன் எல்லாம் முகத்துக்கு முன்னால்.

யுத்தகாலத்தில் இந்தக் கடலுக்குள் இறங்குவதற்கே பாஸ் கேட்டார்கள். 2009க்குப் பிறகு கடல் திறந்தது, ஆனால் எல்லாருக்கும் ஒரேமாதிரித் திறக்கவில்லை. பாசிக்குடாவில் கரையை ஒட்டி ஹோட்டல்கள் வரிசையாக எழும்ப, வள்ளம் இழுத்துவிடவும் வலை காயப்போடவும் இருந்த இடம் ஒரு துண்டாகச் சுருங்கியது. தண்ணிக்கு அடியில் உள்ள கப்பலைப் பார்க்க வருகிறவனுக்குக் கரையில் இடம் இருக்கு, தண்ணிக்கு மேலே தொழில் செய்கிறவனுக்கு இல்லை.

"சுற்றுலா வந்தால் சனத்துக்கு வேலை கிடைக்குந்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிடைக்குது. நிலாவெளியில் படகோட்டுகிற பெடியனுக்கு அந்தச் சீசன் காசு பெரிய காசு. அதனால்தான் போகவேண்டாம் என்று நான் எழுதவில்லை. வேலை கிடைப்பதும் கரை கையில் இருப்பதும் வேறுவேறு விசயம். நேற்றுவரை சொந்த வள்ளத்தில் போனவன் இன்று இன்னொருத்தன்ர படகில் தினக்கூலிக்கு நிற்கிறானா என்று பார்க்கவேணும்.

சுழியோடுவது பொழுதுபோக்கு மட்டுமில்லை என்பதையும் மறக்கவேண்டாம். சங்கும் கடலட்டையும் எடுக்கக் காற்றுச் சிலிண்டர் பூட்டி இறங்குகிறவர்கள் எங்கட கரைகளில் இருக்கிறார்கள். விடுமுறைக்குப் போகிற எங்கட பிள்ளை கைக்கடிகாரம்போலக் கணினி கட்டி, மெல்ல மெல்ல மேலே வரும். கூலிக்கு இறங்குகிறவன் ஒரே நாளில் திரும்பத்திரும்ப இறங்கி ஏறுகிறான். இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டினால் கைகால் வழங்காது. 2018இல் வடமராட்சி கிழக்கில், தெற்கிலிருந்து வந்து வாடி போட்டுக் கடலட்டை பிடித்தவர்களுக்கு எதிராக எங்கட சனம் போராடியது நியாயம். ஆனால் அந்த வாடிகளில் கிடந்து இறங்கியவனும் கூலிக்காரன். அனுமதிப்பத்திரமும் ஏற்றுமதியும் வேறு கைகளில் இருந்தன.

இனி என்ன செய்யலாம்? திரும்ப ஓத்தாயித்தியைப் பாருங்கள். ரீனாவைச் சுற்றிப் போட்டிருந்த தடையால் அங்கே மீன் பெருகியது. 2016இல் தடை நீங்கியதும் வந்து வாரிக்கொண்டு போனார்கள். மோத்தீத்தீ தீவு மக்கள் விடவில்லை. வழக்குப் போட்டார்கள். கடலின் உயிர்வளத்தைக் காக்கப் பிராந்திய சபை மீன்பிடியைக் கட்டுப்படுத்தலாம் என்று 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2021 ஓகஸ்ட் முதல் அந்தப் பாறைகளில் எதையும் பிடிக்க முடியாது, எடுக்க முடியாது. சுழியோடலாம், பார்க்கலாம். ஒரு சின்னத் தீவின் சனம் அரசோடும் மீன்பிடிக் கம்பனிகளோடும் மோதி வென்ற விதி அது.

ஆகவே ஊருக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஹோட்டல் மேசையில் பதியாமல், கரையில் படகு வைத்திருக்கிற உள்ளூர்க்காரரிடம் நேரே பேசுங்கள். சுழியோட்ட நிலையம் யாருடையது, வேலைசெய்கிறவர்களுக்குச் சீசன் முடிந்தபிறகு என்ன வழி என்று கேளுங்கள். முருகைக்கல்லில் காலை வைக்கவேண்டாம், ஒரு சிப்பிகூட எடுக்கவேண்டாம். கடற்றொழிலாளர் சங்கத்துக்காரரை ஒருநாள் சந்தித்து, கரையில் அவர்களுக்கு இப்ப எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

இங்கே நிற்கிற நாங்கள், கப்பல் முதலாளிகளின் பொறுப்பு வரம்பு பற்றி எங்கட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறம். ரீனாவையும் பேர்லையும் ஒரே கடிதத்தில் வைக்கவேணும் என்பது என் கருத்து. இந்த மாதக் கடைசி ஞாயிறு பக்குரங்காவில் வழமையான கூட்டத்தில் வரைவை வாசிப்பம். வரமுடியாதவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக, பக்குரங்காவிலிருந்து