பழைய ஹை-ஹாட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? பதில் அனுப்பர்பாளையம் பட்டறையில இருக்கு!

புது மாடல் வந்தால் பழசை ஓரம் கட்டுவதுதான் உலக வழக்கம். டிரம்மர்கள் இதில் தலைகீழ். கடையில் பளபளவென்று புது ஹை-ஹாட் இருக்கும்போது, 1950, 60களில் செய்த கறுத்துப்போன ஒரு ஜோடிக்கு அதைவிட அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பார்கள். 'அந்தச் சத்தம் இப்ப வர்றதில்ல' என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

இது வெறும் பழமை மோகமா, இல்லை உண்மையிலேயே ஏதாவது இருக்கா? இந்தக் கேள்விக்கான பதில், பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன திருப்பூர் அனுப்பர்பாளையத்துக்கும் முக்கியம். எப்படி என்று பார்ப்போம்.

ஹை-ஹாட் என்றால் என்ன?

டிரம் செட்டில் வாசிப்பவரின் இடது கால் பக்கம், ஒரு கம்பியில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு தட்டுகள் இருக்குமே, அதுதான். பெடலை மிதித்தால் இரண்டும் மூடி 'சிக்' என்கும். காலை எடுத்துவிட்டுக் குச்சியால் தட்டினால் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கும். நம்ம ஊர் ஜால்ராவைக் காலால் வாசிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

1920களில் இது கணுக்கால் உயரத்தில்தான் இருந்தது. பெயரே 'லோ-பாய்'. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கம்பியை உயர்த்தினார்கள். குச்சியாலும் தட்ட முடிந்தது. 1930களில் கவுண்ட் பேஸி இசைக்குழுவின் டிரம்மர் ஜோ ஜோன்ஸ், பாட்டின் தாளத்தையே ஹை-ஹாட்டில் ஓட்டிக் காட்டினார். இன்று சினிமாப் பாட்டில் பின்னணியில் ஓடும் 'டிக்-டிக்-டிக்'குக்கு வேர் அங்கேதான். 1983இல் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.-909 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தபோது, பாஸ் டிரம் சத்தத்தை மின்சுற்றிலேயே உருவாக்கினார்கள். ஹை-ஹாட்டுக்கோ நிஜத் தட்டின் சத்தத்தைப் பதிவு செய்து போட வேண்டியிருந்தது. அந்தத் தட்டின் சத்தம் அவ்வளவு சிக்கலானது.

பழசுல அப்படி என்ன இருக்கு?

நல்ல சிம்பல் என்பது வெண்கலம்: சுமார் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். இந்தக் கலவை சாதாரணமாக ஆறினால் கண்ணாடி மாதிரி உடையும். சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் முக்கினால், தட்டி வேலை செய்யும் அளவுக்கு இளகிக் கொடுக்கும். 1623இல் இஸ்தான்புல்லில் தொடங்கியதாகத் தன் வரலாற்றைச் சொல்லும் ஆர்மீனியக் குடும்பத்தின் பெயர் ஜில்ஜியான். சிம்பல் செய்பவரின் வாரிசு என்று பொருள். கலவை ரகசியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். 1929இல் ஒரு கிளை அமெரிக்காவில் ஆலை தொடங்கியது. அங்கே காலப்போக்கில் இயந்திரச் சுத்தியல் வந்துவிட, இஸ்தான்புல் பட்டறையில் 1970கள் வரை கைச் சுத்தியல்தான்.

கை ஒரே மாதிரி இரண்டு முறை விழாது. ஒவ்வொரு அடியும் தட்டின் இறுக்கத்தைக் கொஞ்சம் மாற்றும். அதனால் ஒரு தட்டு மாதிரி இன்னொன்று ஒலிக்காது. 'இந்த ஜோடி என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு' என்று டிரம்மர் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். கூடவே, பல வருட அழுக்கும் களிம்பும் கீச்சுச் சத்தத்தை மட்டுப்படுத்திவிடும். அதனால்தான் சேகரிப்பாளர்கள் பழைய சிம்பலை பாலீஷ் போட விடமாட்டார்கள். நம்ம வீட்டு அம்மாக்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் அதன் மதிப்பே போச்சு!

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்திலும் மோசமான தட்டுகள் ஏராளமாக வந்தன. அவை விரிசல் விட்டன, உருக்கப்பட்டன, காணாமல் போயின. யாரோ ஒருவர் ஆசையாகப் பாதுகாத்த நல்ல ஜோடிகள்தான் இன்று சந்தைக்கு வருகின்றன. 'பழசெல்லாம் தங்கம்' என்ற எண்ணத்தில் பாதி, இந்த வடிகட்டல் செய்யும் வேலை.

இது நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பெருங்கற்காலக் கல்லறைகளிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களை உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ந்திருக்கிறார். வெள்ளீயம் 20 பங்குக்கு மேல். சிவக்கக் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் முக்கிச் செய்தவை. இஸ்தான்புல் ரகசியத்தின் அடிப்படை, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்ம பக்கத்தில் புழங்கியிருக்கிறது.

ஹை-ஹாட்டின் இன்னொரு நுட்பமும் நமக்குத் தெரிந்ததுதான். 1960களில் மேல்தட்டு மெலிதாகவும் கீழ்த்தட்டு கனமாகவும் இருக்கும் ஜோடி பிரபலமானது. 'சிக்' தெளிவாகக் கேட்டது. பரதநாட்டிய நட்டுவாங்கத் தாளத்தைப் பாருங்கள்: ஒன்று இரும்பு, இன்னொன்று வெண்கலம் அல்லது பித்தளை. வேண்டுமென்றே சமமில்லாத ஜோடி.

அனுப்பர்பாளையம் எங்கே வருது?

பனியன் ஊர் என்று உலகம் அறிந்த திருப்பூரில், அவிநாசி ரோட்டில் இருக்கும் அனுப்பர்பாளையம் பாத்திர ஊர். குடம், அண்டா, தவலை, சொம்பு என்று பித்தளையிலும் செம்பிலும் செய்து பேர் வாங்கிய இடம். பிறகு எவர்சில்வரும் சேர்ந்துகொண்டது. பட்டறைகள் இருக்கும் தெருவில் நுழைந்தாலே சுத்தியல் சத்தம்தான் வரவேற்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பித்தளை வேறு, வெண்கலம் வேறு. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. பித்தளையில் சிம்பல் செய்தால், கற்றுக்குட்டிகள் வாங்கும் மலிவு விலைத் தட்டின் சத்தம்தான் வரும். ஆகவே 'நாளைக்கே அனுப்பர்பாளையத்தில் ஹை-ஹாட் செய்வோம்' என்பது வெட்டிப் பேச்சு.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று: முத்திரை. பழைய சிம்பலில் செய்த பட்டறையின் முத்திரை அடித்திருக்கும். அந்த முத்திரையின் வடிவத்தை வைத்தே எந்த ஊர், ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார்கள். இஸ்தான்புல் பழைய பட்டறை மூடிய பின், அங்கே தொழில் கற்ற அகோப், மெஹ்மத் என்ற இருவர் 1980இல் 'இஸ்தான்புல்' என்ற பெயரில் சிம்பல் செய்யத் தொடங்கினார்கள். பிற்பாடு அது இரண்டாகப் பிரிந்தது. இன்று இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மத் என்று தொழிலாளிகளின் பெயர்களே பிராண்ட்!

நம்ம வீட்டுப் பாத்திரத்திலும் பெயர் இருக்கும். கடையிலேயே வெட்டிக் கொடுப்பாங்க. ஆனால் அது வாங்கியவர் பெயர், சீர் கொடுத்தவர் பெயர். செய்தவர் பெயரை எத்தனை பாத்திரத்தில் பார்த்திருக்கிறோம்?

பெயர் இல்லாத பொருளுக்கு எடைதான் விலை. பாட்டியின் தவலை பழைய பாத்திரக் கடைத் தராசில் ஏறும்போது, சுத்தியல் பிடித்த கையின் நேர்த்திக்குத் தனியாக ஒரு ரூபாய் கிடையாது. 'கிலோ என்ன விலை' என்பது மட்டுமே பேச்சு. பாத்திரத் தொழிலாளர்களின் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை திரும்பத் திரும்பச் செய்தியாவதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உலோக விலை ஏறினால் பாத்திர விலை ஏறுகிறது. கைவேலைக்கு அப்படி ஒரு சந்தையே உருவாகவில்லை. பக்கத்திலேயே பனியன் கம்பெனி வேலை இருக்கும்போது, இளைஞர்கள் ஏன் பட்டறைக்கு வரப்போகிறார்கள்?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கையால் தட்டிய பாத்திரத்தில் பட்டறை முத்திரை, ஊர், வருடம் மூன்றையும் அடிப்பது ஒரு நிமிட வேலை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த வழியில் அனுப்பர்பாளையமும் போகலாம். அரசும் சங்கங்களும் கூலியைப் பேசும் மேசையில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். முத்திரையால் கிடைக்கும் கூடுதல் விலை, வியாபாரியோடு நின்றுவிடாமல் தட்டியவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதி வாங்க வேண்டும்.

செம்புப் பாட்டிலும் பித்தளைக் கடாயும் மறுபடி ஃபேஷனாகி, நகரத்து இளைஞர்கள் ஆன்லைனில் தேடி வாங்கும் நேரம் இது. அடுத்த முறை ஆர்டர் போடும் முன், 'இதை எந்தப் பட்டறை செஞ்சது?' என்று விற்பவரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால், பெயர் போடாமல் விற்க முடியாத நிலை தானாக வரும்.