‘அது என் துறை அல்ல’

நம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த சித்தாந்தங்களில் அசலானது ஒன்றே ஒன்றுதான்: ‘அது என் துறை அல்ல.’ சங்கப் பாட்டில் உவமை எண்ணுகிறவருக்கு இன்றைய கவிதை துறை அல்ல. கிராமப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு அந்தக் கிராமத்தில் எரிந்த குடிசை துறை அல்ல; அது போலீஸ் இலாகா. நான் மிகைப்படுத்தவில்லை. ஒரு கருத்தரங்கில், தஞ்சை மாவட்ட நில உறவுகள் பற்றி ஒன்றரை மணி நேரம் கட்டுரை படித்த ஒருவரிடம் வெண்மணி பற்றிக் கேட்டேன். “அது சட்டப் பிரச்சினை, நான் சமூகவியல்காரன்” என்றார். பிறகு எல்லோரும் காபி சாப்பிடப் போனோம். அவருடைய கட்டுரையில் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை மேற்கோளாக வந்துகொண்டிருந்த பெயர் காத்லீன் கஃப். அந்தப் பெயரை அவர் உச்சரித்திராவிட்டால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

கஃப் 1925-இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மானிடவியல் படித்து, 1951-லிருந்து 53 வரை தஞ்சாவூர்க் கிராமங்களில் தங்கி வேலை செய்தவர். நம்மவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றது அவர்களுடைய துறை அல்ல.

1962 அக்டோபரில் கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கப்பல்கள் நின்றபோது இந்தப் பெண்மணி பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மாணவர் கூட்டத்தில் எழுந்து கென்னடியின் முற்றுகையைக் கண்டித்துப் பேசினார். பல்கலைக்கழகத் தலைவர் கண்டித்தார். அடுத்த வருஷம் கஃப் ராஜினாமா செய்தார். கியூபா அவருடைய ஆராய்ச்சி இல்லை. தஞ்சாவூரும் மலபாரும்தான் ஆராய்ச்சி.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சத்தமில்லாமல் நடந்த அடுத்த காரியம். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் அவரும் கணவர் டேவிட் அபர்லும் வேலை பார்த்த காலம் வியட்நாம் யுத்தத்தின் காலம். படிக்கிற பையனுக்குப் பட்டாளத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வகுப்பில் அவன் எத்தனையாவது என்பதையும் ஆள்சேர்ப்புக் குழுக்கள் 1966-இல் மறுபடி கணக்கில் எடுக்கத் தொடங்கின. அதாவது விடைத்தாளில் ஆசிரியர் போடுகிற மார்க் பல்கலைக்கழக அலுவலகத்தோடு நிற்கவில்லை. கீழ்வரிசையில் விழுந்த பையனை வியட்நாம் வரை கொண்டுபோய் விடக்கூடியதாக இருந்தது. எல்லோருக்கும் தாராளமாக மார்க் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். வரிசை என்று ஒன்று இருந்தால் அதன் கடைசியில் ஒருவன் இருந்தே தீர வேண்டும். தங்கள் மதிப்பீடு அந்தக் காரியத்துக்குப் பயன்படக் கூடாது என்று இருவரும் 1967-இல் கனடாவுக்குப் போய்விட்டார்கள். மார்க் போடுவது மானிடவியல் அல்ல. அது குமாஸ்தா வேலை. அந்தக் குமாஸ்தா வேலைக்கும் தான்தான் பொறுப்பு என்று நினைத்த ஒரு மனம் அது.

கனடாவிலும் நிம்மதி கிட்டவில்லை. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் 1969-இல் அவருடைய துறையே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நிர்வாகம் அவரையும் சகாக்களையும் முதலில் தற்காலிகமாகவும் பிறகு ஒரேயடியாகவும் நீக்கியது. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. அவர்மேல் கோப்பு வைத்திருந்தது. நம் ஆராய்ச்சியாளர்கள்மேல் எந்த இலாகா கோப்பு வைத்திருக்கிறது? பதவி உயர்வுப் பிரிவு ஒன்றுதான்.

‘அவர் அரசியல்வாதி, விஞ்ஞானத்தில் அரசியலைக் கலந்தவர்’ என்று ஒரு குரல் எழும் என்று தெரியும். 1981-லும் 1989-லும் வந்த அவருடைய தஞ்சாவூர்ப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கட்டும். நிலம், கூலி, சாதி, கடன் என்று பொறுமையாகக் கணக்கெடுத்தவர் அவர். அரசியல் அந்தப் பொறுமையைக் குலைத்துவிடவில்லை. 1968-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மானிடவியலை ஏகாதிபத்தியத்தின் பிள்ளை என்றார். கிராமத்தை நுணுகி ஆராய்ந்தவர்கள், அந்தக் கிராமத்தை ஆண்ட சாம்ராஜ்யத்தை ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. துறையின் எல்லைக்கோட்டைப் போட்டது யார் என்ற கேள்வி இதில் இருக்கிறது. வரப்பை வெட்டியவன் மிராசுதார் என்றால், வரப்பைத் தாண்ட மாட்டேன் என்பது என்ன நடுநிலை?

வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரிந்துபோனார்கள். கூலித் தகராறு. கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அதைப் பற்றி 1975-இல் ‘குருதிப்புனல்’ எழுதிய இந்திரா பார்த்தசாரதி டெல்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். எனக்கு அந்த நாவலோடு உடன்பாடு கிடையாது. வர்க்கப் பகையைக் கொண்டுபோய் மிராசுதாரின் ஆண்மைக் குறைவில் சொருகியதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் அவர் பட்டம் வாங்கிய ஆராய்ச்சி வைணவம் சம்பந்தப்பட்டது. வெண்மணி என் துறை அல்ல என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. காபி சாப்பிடப் போனவர் ஒதுங்கிக்கொண்டார்.

வியட்நாம் தூரத்துச் சமாச்சாரம் என்பவர்களுக்கு: 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா தற்கொலை செய்துகொண்டார். ஆய்வு மாணவர், மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை, விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒரு மேஜைமேல் ஒரு காகிதம் கிடந்திருக்கிறது. கையெழுத்துப் போடுவதும் போடாமல் வைத்திருப்பதும் எவருடைய ஆராய்ச்சியும் இல்லைதான். அவர் இறந்த பிறகு அங்கே சில தலித் ஆசிரியர்கள் நிர்வாகப் பொறுப்புகளை உதறினார்கள். இங்கே கைடு வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுக்கிற மாணவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்துபோகிற அடுத்த அறைப் பேராசிரியரை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நம்மில் சிலர் அதே வராந்தாவில்தான் சம்பளம் வாங்குகிறோம்.

கஃபை நான் தெய்வமாக்க வரவில்லை. அவரோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1976-இல், நெருக்கடிநிலை நாட்களில், அவர் மறுபடி அதே இரண்டு ஊர்களுக்கு வந்தார். கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று அவர் எழுதுவது உண்மையான பெயர்கள் அல்ல. பேசிய கூலியாளைக் காப்பாற்ற வைத்த திரை மிராசுதாருக்கும் சேர்த்தே நிழல் தந்துவிட்டது. அதற்கு வேறு வழி என்ன என்று எனக்கும் தெளிவில்லை. ஆனால் இரண்டு புத்தகங்களும் எழுதப்பட்டது, அந்த ஊர்ச் சேரியில் அப்போது எவரும் படித்திருக்க முடியாத ஆங்கிலத்தில். தன் கூலி எத்தனை மரக்கால் என்று சொன்னவர்களின் பேரன் பேத்திகள் இன்று தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடும். அந்தக் கணக்கை அவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டுவதற்குக் கியூபாவுக்காகக் குரல் எழுப்பும் துணிச்சல் வேண்டாம், வேலையை விட வேண்டாம், கனடா போக வேண்டாம். ஒரு கோடை விடுமுறையும் ஒரு அகராதியும் போதும். அதற்குப் பதவி உயர்வில் புள்ளி கிடைக்குமா என்பதைக் காபி சாப்பிட்டவரிடம்தான் விசாரிக்க வேண்டும்.