மூச்சு 35 கி.மீ. காத்திருக்குமா? குறைமாதக் குழந்தைகளும் ‘பபுள் சிபாப்’பும்

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவ வலி வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈசிஆரில் புதுச்சேரி போனாலும், உள்ளே திரும்பி திண்டிவனம் போனாலும் ஏறக்குறைய 35 கி.மீ. பிறக்கும் குழந்தையின் மூச்சு அதுவரை காத்திருக்குமா?

ஏன் திணறுகிறது?

நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது ‘சர்ஃபாக்டன்ட்’ என்ற வழவழப்பான பொருள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு சுரக்கும். முன்கூட்டியே பிறந்த குழந்தை, புது பலூனை முதல் தடவை ஊதுற மாதிரி ஒவ்வொரு மூச்சுக்கும் போராடும். பிறகு சோர்ந்துவிடும். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இரண்டு நாள்கூட வாழாமல் இறந்ததற்கு இதுதான் காரணம். மூச்சுவிடும் குழந்தைக்குத் தொடர்ந்து லேசான காற்றழுத்தம் கொடுத்தே காப்பாற்றலாம் என்று 1971-ல் மருத்துவர் ஜார்ஜ் கிரிகரி குழு காட்டியது.

பபுள் சிபாப் எப்படி வேலை செய்கிறது?

தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டியதில்லை. மூக்கில் பொருத்திய சின்னக் குழாய் வழியாக, வெதுவெதுப்பான, ஈரமான காற்றும் ஆக்சிஜனும் கலந்து போகும். வெளியேறும் குழாயின் நுனி தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும். நுனி 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், அந்த 5 செ.மீ. தண்ணீரின் அழுத்தம் நுரையீரலை முழுசா சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு சிம்பிள். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு, திணறல் தெரியாவிட்டாலும் பிறந்ததுமே இதைத் தொடங்குவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2022 பரிந்துரை.

மெஷின் வாங்கினால் போதுமா?

போதாது. மூக்குக் குழாய் நழுவினால் அழுத்தம் போச்சு. இறுக்கினால் மூக்கு புண்ணாகும். ஆக்சிஜன் அதிகமானால் விழித்திரை பாதிக்கும். எல்லாவற்றையும் கவனிக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் பக்கத்திலேயே வேண்டும்.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமே” என்று கேட்கலாம். நியாயம்தான். பிரசவத்துக்கு முன்பே தாயை அனுப்ப முடிந்தால் அதுதான் பெஸ்ட். நுரையீரல் முதிர உதவும் ஸ்டீராய்டு ஊசியையும் தாய்க்கு நேரத்தோடு போடலாம். மூச்சு அடிக்கடி நின்றுபோகும் குழந்தைக்கு வென்டிலேட்டரும் தேவைப்படலாம். ஆனால் குழந்தை பிறந்துவிட்டால், சிகிச்சை ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் இடத்தில் தொடங்கக் கூடாது, கிளம்பும் இடத்திலேயே தொடங்க வேண்டும். வழியிலும் நிற்கக் கூடாது.

ஆகவே, கடலோர ஊர்களில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைகளிடம் “மெஷின் இருக்கா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. “ராத்திரி 2 மணிக்கு அதைப் பார்த்துக்க ஆள் இருக்கா?” என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால், முதல் கேள்விக்கும் ‘இல்லை’ என்றே அர்த்தம்.