சீனியாரிட்டியும் சிபாரிசும்

நர்ஸ்களின் சம்பளம் தெருவுக்கு வந்துவிட்டது. பதவி உயர்வு மட்டும் இன்னும் மூடிய அறைக்குள்தான் முடிவாகிறது.

கேரள நர்ஸுக்கு உலகம் முழுவதும் கிராக்கி. வளைகுடா, பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி என்று எங்கே நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் ஆள் எடுப்பவர்கள் கேரளத்தைத் தேடி வருகிறார்கள். ஆனால் அதே நர்ஸ் ஊரிலேயே தங்கிவிட்டால், பதினைந்து வருடம் கழித்து என்னவாக இருப்பார்? ஹெட் நர்ஸாகவா, நர்ஸிங் சூப்பரின்டெண்டாகவா, அல்லது சேர்ந்த நாளில் இருந்தது போலவே இரவு டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸாகவா? படிப்பும் அனுபவமும் மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. 'அவர் யாருக்கு வேண்டியவர்' என்பதும் சேர்ந்துகொள்கிறது.

பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களிலும் இந்த விவகாரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களும் அங்கேயே நின்றார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தினமும் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறுபவர்கள் வேறு. தமிழ் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. மனு எழுத அது போதும். வலி எங்கே, எப்போதிலிருந்து, எப்படி என்று நள்ளிரவில் ஒரு தோட்டத் தொழிலாளி சொல்வதைப் புரிந்துகொள்ள, எதிரே தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் நிற்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் எல்லையோர ஆஸ்பத்திரியில் தங்குவாரா, தங்கினால் முன்னேறுவாரா என்பதுதான் பிரச்சினை.

அரசு ஆஸ்பத்திரியில் காகித அளவில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்வு வைக்கிறது; வேலைக்குப் பரிந்துரைத்த தேதியே பொதுவாகப் பணிமூப்புக்கு அடிப்படை. 1958ல் வந்த கேரள அரசுப் பணி விதிகளின்படி பதவி உயர்வு இரண்டு வகை. சாதாரணப் பதவிகளுக்குத் தகுதி இருந்தால் பணிமூப்பு. 'தேர்வுப் பதவி' என்று வகைப்படுத்தப்பட்ட மேல்நிலைகளுக்கு, துறைக் குழு கூடி, ரகசியக் குறிப்புகளைப் பார்த்து, திறமையை எடைபோட்டுப் பட்டியல் தயாரிக்கும். திறமை ஏறக்குறையச் சமமாக இருந்தால்தான் அங்கே பணிமூப்பு பேசும்.

விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சிபாரிசு எங்கே நுழைகிறது? பட்டியல் வருவதற்குப் பல வருடம் முன்பே நுழைந்துவிடுகிறது. யாருக்குத் தொடர்ந்து இரவு டியூட்டி, யாரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவது, யாருக்கு மேற்படிப்புக்கு விடுப்பு, யாருடைய குறிப்பேட்டில் 'நன்று', யாருடையதில் 'மிக நன்று' என்பதெல்லாம் சின்னச் சின்ன முடிவுகள். எந்த முடிவையும் தனியாக எடுத்துப் பார்த்தால் கோர்ட்டுக்குப் போகிற விஷயமாகத் தெரியாது. பத்து வருடம் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் தகுதியுள்ளவர் ஆகியிருப்பார், மற்றவர் ஆகியிருக்க மாட்டார். குழு கூடும் நாளில் யாரும் அநியாயம் செய்யத் தேவையில்லை. காகிதமே போதும்.

மலை மாவட்டங்களில் இதற்கு ஒரு தனி வழி இருக்கிறது. கேரள அரசு அலுவலகங்களில் 'வொர்க்கிங் அரேஞ்ச்மென்ட்' என்பார்கள். நியமனமும் சம்பளமும் மலையில், வேலை சமவெளியில். செல்வாக்குள்ளவர் சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு இப்படிப் போய்விட்டால், அவருடைய இடம் கணக்கில் நிரம்பியிருக்கும், வார்டில் காலியாக இருக்கும். அவர் பார்க்க வேண்டிய நோயாளிகளை அங்கேயே இருப்பவர்தான் பார்க்க வேண்டும். அப்படி இருப்பவர், பெரும்பாலும், சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர். அவருக்குத் தெரிந்த இரண்டு மொழிகளுக்கும், கூடுதலாகச் சுமந்த டியூட்டிகளுக்கும் பணிமூப்புப் பட்டியலில் இடம் கிடையாது.

தனியார் ஆஸ்பத்திரிகளில் இந்த அளவுக்குக்கூடக் காகிதம் இல்லை. பணிமூப்புப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதா என்பதே பல நர்ஸ்களுக்குத் தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் நேரடியாகக் கேட்கவும் வழியில்லை. நிர்வாகியின் உறவினர், அதே நிறுவனத்தின் நர்ஸிங் பள்ளியில் படித்தவர், மேட்ரனின் ஊர்க்காரர் என்று ஏதாவது ஒரு நூல் இருப்பவர் 'இன்சார்ஜ்' ஆவார். பலமுறை சம்பளம் மாறாது, பொறுப்பு மட்டும் கூடும். அடுத்த பதவி உயர்வின்போது அந்த இன்சார்ஜ் அனுபவமே தகுதியாகக் காட்டப்படும்.

2011ல் யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன் உருவான பிறகு கேரளத்துத் தனியார் நர்ஸ்கள் தெருவுக்கு வந்தார்கள். பாண்டு என்ற பெயரில் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அம்பலமானது. அரசு அமைத்த பலராமன் குழு ஸ்டாஃப் நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 12,900 ரூபாய் என்றது. 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தலையிட, மத்திய அரசின் குழு 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட 20,000 தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017 ஜூலையில் கேரள முதல்வர் அதற்கு இசைந்தார்; 2018 ஏப்ரலில் அறிவிப்பு வெளியானது. பெரிய வெற்றிதான். ஆனால் சம்பள அறிவிப்பு ஒவ்வொரு பதவிக்கும் எவ்வளவு என்று சொல்லும். அந்தப் பதவியில் யாரை அமர்த்த வேண்டும் என்று சொல்லாது.

எல்லை தாண்டினால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுத்த நர்ஸ்களே 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள். பணி நிரந்தரமாகும் வரை அவர்களுக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே இல்லை. யார் முதலில் நிரந்தரமாகிறார் என்பதே அங்கே முதல் பதவி உயர்வு.

உண்மையில் சட்டம் இந்த விஷயத்தில் ஊமை அல்ல. அதைப் பேச வைத்ததில் பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவருக்குப் பங்கு உண்டு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978ல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், ஆஸ்பத்திரியும் 'தொழில்'தான் என்ற விரிவான விளக்கத்தைத் தந்தார். அதனால் தொழில் தகராறு சட்டத்தின் கதவு நர்ஸ்களுக்குத் திறந்தது. அடுத்த ஆண்டே, வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கும் அவர் முன் வந்தது. வழக்கு நடக்கும்போதே அரசு முத்தம்மாவுக்கு உயர்வு கொடுத்துவிட்டது. நீதிபதி மனுவை முடித்துவைத்தாலும் விடவில்லை. பெண்களுக்கு எதிரான பணி விதிகளைக் கடுமையாகச் சாடி, அவற்றைத் திருத்தச் சொன்னார்.

தொழில் தகராறு சட்டத்தில் 1982ன் திருத்தம் சேர்த்த ஐந்தாம் அட்டவணையை நர்ஸ் சங்கங்கள் எடுத்துப் படிக்க வேண்டும். தகுதியைப் பாராமல் ஒரு சாராருக்குச் சலுகை காட்டுவது, சங்கத்தில் இருப்பதற்காகப் பதவி உயர்வை மறுப்பது, பணிமூப்பை மாற்றுவது எல்லாமே அதில் 'நியாயமற்ற தொழில் நடைமுறை'. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டது. ஆனால் ஒரு சிக்கலையும் கூடவே கொண்டுவந்தது. முழுமையாகவோ பெருமளவிலோ தர்ம, சமூக சேவையில் ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்கள் அதன்படி 'தொழில்' அல்ல. டிரஸ்டுகளும் சபைகளும் நடத்தும் ஆஸ்பத்திரிகள் நிறைந்த கேரளத்தில், 1978ல் திறந்த கதவு எத்தனை நர்ஸ்களுக்கு மூடும் என்பது இனி நடக்கப்போகும் வழக்குகளில் தெரியும்.

அரசு ஊழியர்களுக்கு இன்னொரு ஆயுதம் இருக்கிறது. எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் தேவ் தத்துக்கு ஒரு வருடம் 'நன்று' என்று குறிப்பு எழுதப்பட்டது. பதவி உயர்வுக்கு 'மிக நன்று' தேவை. அவருக்கு இது தெரிவிக்கப்படவே இல்லை. ஒவ்வொரு குறிப்பையும், அது நல்லதானாலும், ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. தன் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த நர்ஸ்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

காத்திருந்து கோர்ட்டில் வாங்குவது கடினம். ராணுவ நர்ஸ் லெப்டினன்ட் செலினா ஜான் திருமணம் செய்துகொண்டதற்காக 1988ல் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அது தவறு என்று உச்சநீதிமன்றம் 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2024 பிப்ரவரியில். வேலையில் இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய பதவிகளை எந்தத் தொகையும் திருப்பித் தராது.

ஆகவே நியாயம் பட்டியலுக்கு முன்பே தொடங்க வேண்டும். கேரள நர்ஸ்கள் ஏராளமாக வேலை பார்க்கும் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, 2015 முதல், வெள்ளையர் அல்லாத ஊழியர்கள் எந்தெந்தப் படியில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து வெளியிடுகிறது. பாரபட்சம் அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் இருக்கிறதா இல்லையா என்ற வாதம் ஓய்ந்தது.

இங்கே அவ்வளவுகூட வேண்டாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் பணிமூப்புப் பட்டியலை வருடம் ஒருமுறை சுவரில் ஒட்டட்டும். பயிற்சிக்கும் இன்சார்ஜ் பொறுப்புக்கும் முறை வைத்து அனுப்பட்டும். ஒருவரைத் தாண்டி இன்னொருவருக்கு உயர்வு கொடுத்தால், தாண்டப்பட்டவருக்குக் காரணத்தை எழுத்தில் தரட்டும். வொர்க்கிங் அரேஞ்ச்மென்டில் போனவர்களின் பெயரையும் எத்தனை மாதம் என்பதையும் அரசு வெளியிடட்டும். எல்லைத் தாலுகாக்களில், நோயாளியின் மொழி தெரிந்து அங்கேயே வேலை பார்த்த வருடங்களுக்கு உயர்வில் ஒரு மதிப்பு வைக்கட்டும். இதற்கெல்லாம் பணம் செலவாகாது. பல வருடமாக ரகசியமாக இருந்த சில பெயர்கள் வெளியே தெரியும், அவ்வளவுதான். எதிர்ப்பும் அதனால்தான் வரும்.